கரிசலுக்குத் தண்ணீர் ஊற்றிய ஓவர்சியர்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எந்த இளைஞனையும் சும்மா இருக்க விடாது. மேலே இருப்பவர்கள் கேட்காத வேலையைச் செய்துவைத்துவிட்டு, பாராட்டு வரும் என்று ஓரமாகச் சிரித்தபடி நிற்கச் சொல்லும். எனக்கும் சொன்னது. நின்றேன். எனக்குப் பக்கத்தில் ஒரு டவுன் பஸ்ஸும் நின்றது. (அது நின்ற கதையைத்தான் சொல்லப்போகிறேன்.)

தொண்ணூறுகளின் பின்பாதி. திருச்சுழிப் பக்கம் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியர் வேலை. நான் அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் பாத்திரக்கடைக்காரர் மகன். எவர்சில்வர் குடத்தைத் தட்டிப் பார்த்தே கனம் சொல்லுவேன். மண்ணைப் பற்றிக் கேட்டால், டிப்ளமா புத்தகத்தில் எந்தப் பாடம் என்று வேண்டுமானால் சொல்லுவேன்.

எங்கள் ஒன்றியத் தலைவர் எஸ்தரம்மா. பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நின்று ஜெயித்து வந்தவர். "எல்லாம் வீட்டுக்காரர்தான் பின்னாலருந்து நடத்துவாரு" என்று ஆபீஸில் பேசிக்கொண்டோம். அந்த மனிதர் ஒரே ஒருமுறை ஆபீஸுக்கு வந்தார். அம்மா மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்தார், போய்விட்டார். அவருடைய அரசியல் அவ்வளவுதான்.

கண்மாய்க் கரையின் கடைசியில் ஒரு ஊர். (பெயரை எழுத மாட்டேன், இன்றும் அந்த வழியாகத்தான் போய் வருகிறேன்.) பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. ஒன்பதாவதுக்குத் திருச்சுழி போகணும், பஸ் கிடையாது. பையன்கள் சைக்கிளில் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகள் ஆடு மேய்க்கவும் கரிமூட்டத்தில் விறகு அடுக்கவும் போய், அப்புறம் கல்யாணம் ஆகிப் போவார்கள். அந்த வருஷமும் எட்டு முடித்த பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஜூனுக்குள் பஸ் வந்தால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் இல்லை.

பஸ் அதிகாரியோ இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். திருப்ப இடமில்லை, ஏற ஆளில்லை.

ஒன்றியக் கூட்டத்தில் அன்று இரண்டு பொருள்கள். ஒன்று சீமைக்கருவேலம் அகற்றுவது, இன்னொன்று புது பஸ் தடம் கேட்பது. எஸ்தரம்மா இரண்டையும் ஒன்றாகக் கட்டினார்.

"கரை முடியிற எடத்துல புறம்போக்கு பூராம் கருவை மண்டிக் கெடக்கு. தூரோட எடுத்தா வரத்துக்கால் தொறக்கும், கண்மாய்க்குத் தண்ணி வரும். மிச்ச எடத்துல பஸ்ஸு திரும்பிக்கிரும். ஆனா தண்ணி நிக்கிற எடத்துல ஒரு சாண் தொடக் கூடாது, சொல்லிட்டேன்."

"வெட்டுக்கூலிக்கு எங்கம்மா போறது?" என்றார் ஒரு உறுப்பினர்.

"கரி போடுறவுக வெட்டிக்கிட்டுப் போகட்டும்யா. தூரை மட்டும் நம்ம தோண்டுவோம்."

எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஓவர்சியர் கைதட்டக் கூடாதே என்று ஃபைலைத் தட்டிவைத்தேன். இத்தனை வருஷ சர்வீஸில் அப்படி ஒரு தீர்மானத்தை நான் மறுபடி பார்க்கவில்லை.

கருவை போயிற்று, தூர் போயிற்று, குழிகளை மூடி மட்டம் செய்தோம். மே மாதம் வெள்ளோட்டத்துக்கு நாள் குறித்தார்கள். அதிகாரியே பஸ்ஸில் வந்து பார்க்கிறார்.

அன்று காலையில் இடத்தைப் பார்க்கப் போனவனுக்குப் பகீரென்றது. கணுக்கால் முங்கும் புழுதி! அதிகாரி வெள்ளைச் சட்டை போடுகிறவர். என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யாமல் இருந்த நாட்களில் ஒன்றியம் நன்றாகத்தான் நடந்தது.) பக்கத்துத் தோட்டத்து உப்புக்கிணற்றிலிருந்து டிராக்டர் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றச் சொன்னேன். போதாது என்று இன்னொரு லோடு. நானே பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு குழாய் பிடித்தேன்.

குடத்தோடு போன ஒரு அக்கா நின்று பார்த்தார். "ஏய்யா, மனுசருக்கே தண்ணியக் காணோம். மண்ணுக்கு என்ன தாகம்?"

"புழுதி அடங்கணும்க்கா."

"அடங்கும், அடங்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது புரியவில்லை.

வெயில் ஏற ஏற மேல்மண் காய்ந்து சிமென்ட் தரை மாதிரி ஆகிவிட்டது. உள்ளே கேப்பைக் களி. கரிசல் மண்ணின் குணம் இது என்று அந்த வட்டாரத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

கொட்டு முழங்க, மாலை போட்ட பஸ் வந்தது. முன் இருக்கையில் அதிகாரி, அடுத்து எஸ்தரம்மா. டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். முன் சக்கரம் அழகாகத் திரும்பியது. பின் சக்கரம் தூர் எடுத்து மூடிய குழியில் இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது.

"எவம்லே இங்க தண்ணிய ஊத்துனது?" என்று டிரைவர் கத்தினார்.

அதிகாரி இறங்கினார். கால் வெளியே வந்தது, ஷூ வரவில்லை. நான் பதறிப்போய், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கலாமென்று கிடந்த கருவைக் கொப்புகளை இழுத்துப் போட்டேன். சாக்ஸ் காலை அவர் சரியாக அதில் வைத்தார். ஐயோ சாமி! அவர் காலடியில் உட்கார்ந்து முள் எடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, அது ஒன்றுதான் நிம்மதி.

"இதுக்குத்தாம்மா அன்னைக்கே சொன்னேன். எடமும் சரியில்ல, ஆளும் இல்ல. யார் இங்க தண்ணி ஊத்தச் சொன்னது?"

நான் இல்லாத முள்ளைத் தேடிக் குனிந்துகொண்டேன். எஸ்தரம்மா முழங்கால்வரை நனைந்திருந்த என் பேன்ட்டைப் பார்த்தார்.

"நான்தான் சார். ஒங்க மேல புழுதி படக் கூடாதுன்னு ஊத்தச் சொன்னேன்."

அம்மா காலில் விழுந்திருப்பேன். ஏற்கெனவே வேறொருவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்ததால் முடியவில்லை.

அதற்குள் சத்தம் கேட்டு ஊரே வந்துவிட்டது. சுற்றியிருந்த பட்டிகளிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். எஸ்தரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு களிக்குள் இறங்கினார். யாரோ வடக்கயிறு கொண்டுவந்தார்கள். ஆம்பிளைகள் இழுக்க, பொம்பிளைகள் தள்ள, எட்டு முடித்த பிள்ளைகள் பின்னால் ஏணியைப் பிடித்துத் தூக்க (தூக்கி என்ன ஆகப்போகிறது, ஆனாலும் தூக்கினார்கள்), பஸ் உறுமிக்கொண்டு மேலே ஏறியது. எல்லார் முகத்திலும் கரிசல் அப்பியிருந்தது.

எஸ்தரம்மா புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சார், ஆளில்லன்னீகளே, பாத்துக்கோங்க. தள்ளுறதுக்கே இம்புட்டுப் பேரு வந்திருக்காக. ஏறுறதுக்குன்னா எம்புட்டுப் பேரு வருவாக?"

அதிகாரி கூட்டத்தைப் பார்த்தார். கையில் ஒற்றை ஷூவோடு நின்றபடியே சிரித்துவிட்டார். "சரள் அடிச்சுக் குடுங்கம்மா. ஜூன்ல பஸ் விடுறேன்."

திரும்பி வரும்போது ஜீப்பில் எஸ்தரம்மா பேசவே இல்லை. வேலை போயிற்று என்றே நினைத்தேன். பாதி வழியில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து திரும்பினால், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். "அந்த சாக்ஸு தம்பி... அந்த சாக்ஸு..." அதற்கு மேல் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் மாதிரி ஒரு மனுஷியிடம் வேலை பார்த்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

சரளைக்கல் கொட்டி முடிக்கும்வரை நானே காவல் நின்றேன். பள்ளிக்கூடம் திறந்த அன்று பஸ் வந்தது. ஜன்னலோரம் பூராவும் பச்சைப் பாவாடைகள்.

போன வருஷம் வயிற்று ஆபரேஷனுக்காக விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். தலைமை நர்ஸ் என் சீட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"சார், நீங்க ஒன்றியத்துல ஓவர்சியரா இருந்தவுகதானே?" கேட்டுவிட்டு அந்த ஊரின் பெயரைச் சொன்னார். "அந்த பஸ்ஸுல மொத நாளு பள்ளிக்கூடம் போனவ சார் நானு."

பக்கத்தில் இருந்த என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நர்ஸ் மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தார். டம்ளரை நிரப்பி என் கையில் வைத்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டே சொன்னார்:

"குடிக்கத்தான் சார். கீழ ஊத்திராதீக."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்கு யாரும் சும்மா தண்ணீர் கொடுப்பதில்லை.