கட்டத்துக்குள் வரும் விளக்கங்கள் என்னுடையவை அல்ல

அனுப்புநர்:
ப. கொளஞ்சிநாதன்,
சூளைப் பிரிவு (ஓய்வு),
செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்தெரு,
விருத்தாசலம்.

பெறுநர்:
ஆசிரியர் அவர்கள்,
'தென்கரைச் செய்தி' இணையதளம்.

பொருள்: தங்கள் செய்திகளில் வார்த்தையைத் தொட்டால் கட்டம் கிளம்பி அர்த்தம் சொல்வது, அதனால் ஒரு வீட்டில் பேச்சு நின்றுபோனது சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் அனைவரும், குறிப்பாக அந்தக் கட்டங்களைத் தயாரிப்பவரும், நோய் நொடி இல்லாமல் இருக்க கொளஞ்சியப்பரை வேண்டிக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன். இங்கு நான் சுகம். என் மனைவி பானுமதியும் சுகம்தான், ஆனால் பதினோரு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் மனைவிக்குக் கண்ணில் பிரஷர் வந்து, இரண்டு வருடத்துக்கு முன்பு பார்வை போய்விட்டது. முப்பத்தோரு வருடம் சூளைத் தீயை உற்றுப் பார்த்தது நான், கண் போனது அவளுக்கு. இதில் என்ன நியாயம் என்று நான் யாரையும் கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது. அவள் அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. பள்ளிக்கூடத்திலேயே தமிழில் முதல் மார்க் வாங்கியவள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கல்யாணமான நாளிலிருந்து காலையில் பேப்பர் வந்ததும் அவள் சத்தமாகப் படிப்பாள், நான் சவரம் செய்துகொண்டே கேட்பேன். தெரியாத வார்த்தை வந்தால் அவள்தான் எனக்கு அர்த்தம் சொல்வாள். கண் போன பிறகு முறை மாறிவிட்டது. எங்கள் மகள் சண்முகப்ரியா சென்னையிலிருந்து பெரிய திரை வைத்த போன் வாங்கி வந்து, "எழுத்து பெருசா தெரியும்ப்பா, இதுல அம்மாவுக்குப் படிச்சிக் காட்டுங்க" என்று தங்கள் தளத்தைத் திறந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஆறரை மணியிலிருந்து ஏழரை மணி வரை ஒரு மணி நேரம் படிப்பேன். அந்த ஒரு மணி நேரம்தான் ஐயா எங்களுக்கு நாள் முழுவதும். மற்ற நேரமெல்லாம் சும்மா கழிவது.

என் படிப்பு எப்படிப்பட்டது என்பதையும் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சூளையில் பதிவேடு என்று ஒன்று உண்டு. அரை மணிக்கு ஒருமுறை சுவரிலுள்ள சின்ன ஓட்டை வழியாகத் தீயின் நிறம் பார்த்து, சூடு எவ்வளவு என்று எழுத வேண்டும். அடுத்த ஷிப்டுக்கு வருபவனுக்கு அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரலை வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு வரியைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பீங்கான் பொம்மை மொத்தமும் வெடித்துவிடும். ஒருமுறை அப்படி ஆகி, ஒரு சூளை நிறையப் பிள்ளையார்கள் தும்பிக்கை இல்லாமல் வெளியே வந்தார்கள். ஆகவே கண்ணில் படும் எழுத்து எதுவானாலும் விரலை வைத்து, வரிசையாக, ஒன்றும் விடாமல் வாசிப்பது எனக்குப் பழகிப்போய்விட்டது. அந்த விரலை நான் பதிவேட்டின் மேல் வைத்தபோது பதிவேடு சும்மா இருந்தது. தங்கள் செய்தி சும்மா இருப்பதில்லை.

பெண்ணாடத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்தது என்ற செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 'போக்குவரத்து' என்ற இடத்தில் என் விரல் பட்டது. உடனே ஒரு மஞ்சள் கட்டம் துள்ளி எழுந்து, 'மனிதர்களும் பொருள்களும் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குச் செல்வது' என்றது. எழுதியிருக்கிறதே, நானும் வாசித்தேன். கட்டத்தை மூட மூலையில் ஒரு பெருக்கல் குறி வைத்திருக்கிறீர்கள். அது கடுகளவு. என் கட்டைவிரல் சூடு பட்டுப் பட்டுக் காய்த்துப்போன விரல், அதற்குக் கீழே நாலு பெருக்கல் குறி அடங்கும். அழுத்தினால் கட்டம் மூடாமல் கல்யாண மண்டப விளம்பரம் திறக்கிறது. "மங்கல நிகழ்ச்சிகளுக்கு முன்பதிவு செய்வீர்" என்று அதையும் வாசித்தேன். திரும்பி வந்து பார்த்தால் டிராக்டரைக் காணோம். "டிரைவரு பொழைச்சானா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க" என்று என் மனைவி கேட்டாள். அதைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. பிழைத்துவிட்டான், நல்ல வேளை.

அதுகூடப் பரவாயில்லை. ஸ்ரீமுஷ்ணம் தேர் செய்தியில்தான் வினை முற்றியது. என் மனைவிக்குப் பிறந்த ஊர் ஸ்ரீமுஷ்ணம். சின்ன வயதில் வருடம் தவறாமல் வடம் பிடித்தவள். நான் "ஸ்ரீமுஷ்ணத்தில் இன்று காலை தேர்" என்று ஆரம்பித்தேன், கட்டம் வந்துவிட்டது. "மரத்தால் செய்யப்பட்டு, சக்கரங்கள் பொருத்தப்பட்டு, இறைவனின் திருவுருவை வைத்து இழுக்கப்படும் ஊர்தி" என்று வாசித்து, "வெகு விமரிசையாக" என்று தொடர்வதற்குள் அவள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"எங்க ஊரு தேர எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

"நான் சொல்லலம்மா, இதுல வருது."

"எதுல வருது? உலகத்துல எந்தப் பேப்பர்லயாவது தேருக்கு அர்த்தம் போடுவானா? கண்ணுதான போச்சு எனக்கு, மூளையுமா போச்சு?"

ஐயா, அந்த வார்த்தை என்னை எவ்வளவு சுட்டது என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. எனக்கு வார்த்தை சொல்லிக் கொடுத்தவளுக்கு நான் வார்த்தை சொல்லிக் கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். கட்டத்தைக் காட்டி நிரூபிக்கலாம் என்றால் யாரிடம் காட்டுவது? அவளால் பார்க்க முடிந்தால் நான் ஏன் வாசிக்கப் போகிறேன்?

சாட்சிக்கு ஆள் பிடிக்கலாம் என்று பக்கத்து வீட்டு ஆதிலட்சுமியைக் கூப்பிட்டேன். பொம்மைக்கு வர்ணம் அடிக்கும் யூனிட்டில் வேலை பார்க்கிற பெண். போனைக் கையில் கொடுத்து, "இதே செய்திய நீ படிம்மா" என்றேன். அந்தப் பெண் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, விரலே வைக்காமல், கண்ணாலேயே கடகடவென்று வாசித்து முடித்துவிட்டது. ஒரு கட்டம்கூட வரவில்லை. "அவ படிச்சா வரலியே, நீங்க படிச்சா மட்டும் எப்படிங்க வருது?" என்றாள் என் மனைவி. ஆதிலட்சுமி என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. சரி, நாமும் விரல் வைக்காமல் படிப்போம் என்று முயன்றேன். மூன்றாவது வரியிலிருந்து ஏழாவது வரிக்குப் போய்விட்டேன். இன்னொரு நாள் எங்கள் தொழிற்பேட்டையைப் பற்றியே ஒரு செய்தி வந்தது, அதில் 'பீங்கான்' என்ற வார்த்தைக்கு 'சுட்ட களிமண்' என்று போட்டிருக்கிறீர்கள். வெறும் களிமண்ணைச் சுட்டால் சட்டிதான் வரும். இன்னும் இரண்டு கல்லை அரைத்துச் சேர்த்தால்தான் பீங்கான். இதை எழுதியவர் ஒரு நாளாவது சூளைப் பக்கம் வந்திருப்பாரா? அது கிடக்கட்டும்.

பதினோரு நாளுக்கு முன்பு தங்கள் தளத்தில் கண் நோய்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. என் மனைவிக்கு வந்திருப்பதே அதில் முதலாவதாக இருந்தது. அடுத்த ஆபரேஷன் முடிந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை திரும்பும் என்று நான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவளும் அதை நம்பித்தான் நாள் தவறாமல் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறாள். ஆகவே ஆசையாக வாசிக்க ஆரம்பித்தேன். பாதியில் 'நரம்பு' என்ற வார்த்தையில் கட்டம் வந்து, கீழே இருந்த வரிகளை முழுக்க மறைத்துவிட்டது. நான் என்ன செய்வேன்? கட்டத்தில் இருந்ததை வாசித்துவிட்டு, அவ்வளவுதான் செய்தி, முடிந்தது என்று சொல்லிவிட்டேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். பிறகு, "இனிமே எனக்குப் படிக்க வேணாம்" என்றாள். அன்றோடு நின்றது. ஆறரை மணிக்கு வழக்கமான நாற்காலியில் வந்து உட்காருகிறாள், மடியில் கையை வைத்துக்கொண்டு தெருச் சத்தத்தைக் கேட்கிறாள். நான் போனை வைத்துக்கொண்டு மனசுக்குள் படிக்கிறேன். தனியாகப் படித்தால் ஒரு செய்தியும் உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது.

ஆகவே ஐயா, தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது என்னவென்றால், அந்தக் கட்டங்களை உடனே எடுத்துவிட வேண்டும். எடுக்க முடியாவிட்டால், அவை தங்களுடையவை, கொளஞ்சிநாதன் சொந்தமாகச் சொன்னவை அல்ல என்று ஒரு கடிதம் தர வேண்டும். இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன், அந்தக் கடிதத்தையும் நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதுவும் என் சொந்தச் சரக்கு என்பாள். ஆகவே கடிதம் வேண்டாம், தாங்களே போன் செய்து அவளிடம் நேரில் பேசிவிடுங்கள். நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில் செய்தால் நல்லது, அந்த நேரம் சும்மாதான் இருக்கிறோம். இதைத் தங்கள் தளத்திலேயே எழுதியிருப்பேன், 'கருத்து' என்ற இடத்தைத் தொட்டதும் கருத்து என்றால் என்ன என்று கட்டம் வந்துவிட்டது. அதனால் தபாலில் அனுப்புகிறேன்.

பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தங்கள் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல வேலையில் அமர்ந்து, பெற்றவர்களைக் கடைசி வரை கண்போல் காக்க வாழ்த்தும்,

தங்கள் உண்மையுள்ள வாசகன்,
ப. கொளஞ்சிநாதன்

பின்குறிப்பு: மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். நான் எழுதும் கடிதம் எதுவானாலும் என் மனைவி பிழை திருத்திய பிறகே தபாலுக்குப் போகும், அது எங்கள் வீட்டு வழக்கம். பேச்சு இல்லாவிட்டாலும் வழக்கத்தை விடக் கூடாது என்று இன்று காலை இதை அவள் எதிரில் உட்கார்ந்து வாசித்தேன். பிள்ளையார் தும்பிக்கை வந்தபோது சிரித்தாள். கண் கட்டுரை வந்ததும், "நிறுத்துங்க" என்றாள்.

"அன்னிக்கி கட்டம் வந்து மறைச்சிதா?"

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் பொய் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். கட்டம் வந்தது, ஆனால் அன்றைக்கு மட்டும் முதல் அழுத்திலேயே மூடிக்கொண்டது. கீழே இருந்த வரி நன்றாகத் தெரிந்தது. இந்த நோயில் போன பார்வை திரும்ப வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் வைத்தியம் என்று எழுதியிருந்தது. என் வாழ்நாளில் நான் தெரிந்தே வாசிக்காமல் விட்ட ஒரே வரி அது. "மறைக்கல" என்று ஒப்புக்கொண்டேன்.

"கட்டம் உங்களுது இல்லன்னு எனக்கு தேர் அன்னிக்கே தெரியும். திருவுருவு, ஊர்தின்னு பேசுற ஆளா நீங்க? உங்களச் சீண்டுறத வுட்டா எனக்கு வேற என்ன பொழுதுபோக்கு இருக்குது? ஆனா கண்ணப் பத்திப் படிக்கறப்போ உங்க குரலு அப்படியே நின்னுபோச்சு. போன வருஷமே டாக்டரம்மா என்கிட்ட சொல்லிட்டாங்க. நீங்க கீழ மருந்து வாங்கப் போயிருந்தீங்க. உங்களால தாங்க முடியாதுன்னுதான் நான் சொல்லல."

"நீ சொட்டு மருந்து விட்டுக்கறப்பல்லாம் நான்..."

"தெரியும். உங்களுக்காகத்தான் வுட்டுக்கறேன். எனக்கு இப்ப கண்ணு நீங்கதான். நீங்களே பாத்துட்டுப் பாதிய முழுங்குனா நான் யாருகிட்டங்க போவேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. போனை எடுத்து அந்தக் கட்டுரையை முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். விரலை வைத்து வாசித்தேன். அந்த வரி வந்தது. விரல் 'பார்வை' என்ற வார்த்தையில் பட்டுக் கட்டம் எழும்பிவிட்டது. நான் நிறுத்தினேன்.

"என்ன, கட்டமா? அதையும் படிங்க."

"கண்ணால் காணும் திறன்" என்று வாசித்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"சரியாத்தான் போட்டிருக்கான். ம், மேல படிங்க."