சின்னையன் போட்ட செட்டு

சின்னையன் அன்று மாலை ஒரு சபதம் எடுத்தார். இனித் தோற்பதில்லை.

இதிகாச காலத்தில் சபதம் எடுப்பவர்களுக்கு ஒரு சபை இருந்தது. சின்னையனுக்கு ஒரு மின்விசிறி இருந்தது. மலையாள எல்லைக்குள்ளிருக்கும் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தென்னந்தோப்பின் நடுவே, அவர் வீட்டு முன்னறையில் அது சுழன்றுகொண்டிருந்தது. சபதத்தைக் கேட்டு அது நிற்கவுமில்லை, வேகம் கூட்டவுமில்லை.

அவர் கையில் செல்போன். அதில் பூதக்களம் என்கிற ஆட்டம். மீசை நரைத்த, எட்டு ஏக்கர் தோப்புக்குச் சொந்தக்காரரான மனிதர் செல்போனில் பூதம் வளர்ப்பதா என்று கேட்கக் கூடாது. காரணம் இருக்கிறது, வரும்.

முதலில் ஆட்டம். ஆளுக்கு மூன்று பூதங்கள். ஒவ்வொரு பூதத்துக்கும் நான்கே வித்தைகள், ஓர் ஆபரணம். எந்த நான்கு, எந்த ஆபரணம் என்று தேர்ந்து கட்டுவதற்குத்தான் செட்டு என்று பெயர். நொறுக்குவதற்காகக் கட்டினால் அடிக்கிற செட்டு. நின்று களைப்படைய வைப்பதற்காகக் கட்டினால் தாங்குகிற செட்டு. மனிதர்களையும் இப்படியே பிரித்துவிடலாம். கல்யாணம் என்பது பெரும்பாலும் அதில் ஒன்றும் இதில் ஒன்றும்.

சின்னையன் அடிக்கிற கட்சி. அவருடைய முதன்மைப் பூதம் கொம்புள்ள கறுப்பு உருவம். தன்னிடம் முன்பிருந்த காளையின் நினைவாக அதற்குக் காரி என்று பெயர் வைத்திருந்தார். வித்தைகள் நான்கு: இடி, நெருப்பு, பாறை, உதை. ஆபரணம், பிடிவாதக் கச்சை. இதைக் கட்டிக்கொண்டால் பலம் ஒன்றரை மடங்காகும். ஆனால் முதலில் எந்த வித்தையை எடுத்ததோ, களத்தில் நிற்கும் வரை அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் பின்வாங்கித்தான் மாற்ற முடியும். ஆட்டத்தை உண்டாக்கியவர்கள் சின்னையனைக் கண்டதில்லை. கண்டுவிட்டுத்தான் அந்தக் கச்சையைச் செய்தார்கள் என்று அவர் மனைவி பழனாத்தாள் சத்தியம் செய்வாள்.

இனி காரணம். ஒரே மகன் சந்துரு. கால்நடைப் படிப்பு முடித்தவன். மூணாறு மலைமேல் மாட்டுப்பட்டி என்கிற ஊரில் மாட்டுப்பண்ணை வேலை கிடைத்தது. அன்று முன்னறையில் நடந்த பேச்சு இது:

"நம்மூட்டுப் பட்டில மாடு இல்லியாடா? அத உட்டுப்போட்டு மாட்டுப்பட்டிக்குப் போறியா?"

"இது வேலைப்பா."

"நம்மூட்டு மாட்டைப் பாத்தா அது வேலை இல்லியா?"

"சம்பளம் ஆரு தருவாங்க? மாடா?"

"மாட்டைப் பாத்துத்தான் உன்னையப் படிக்க வெச்சேன்."

"அதுக்குத்தானுங்கப்பா மாட்டையே படிச்சேன்."

பதில் தெரியாத மனிதர்கள் குரலை உயர்த்துவார்கள். "மலையேறுனா எறங்கி வராத," என்றார் சின்னையன். கச்சை கட்டியிருந்ததால் அதையே மூன்று தடவை சொன்னார். மகனும் அதே ரத்தம். ஏறினான், இறங்கவில்லை. அம்மாவுக்குத்தான் போன் வரும். "அப்பா நல்லாருக்காரா?" என்று அம்மாவிடம் கேட்பான். "அவன் சாப்புட்டானாமா?" என்று இவரும் அவளிடமே கேட்பார். அவள் நடுவில் நின்று, கடைத்தெருவில் மலையாளத்துக்கும் தமிழுக்கும் இடையே நிற்கிற பலகை மாதிரி இரண்டு பக்கமும் காட்டிக்கொண்டிருந்தாள்.

வீடு அமைதியாகிவிட்டது. கணவாய்க் காற்று தென்னையைப் போட்டு உலுக்கும். அது ஓய்ந்தால் மின்விசிறி. சாப்பாட்டு நேரத்தில் "உப்பு?" என்பார். "இருக்குதுங்க" என்பாள். அன்றைய பேச்சு முடிந்தது.

அப்போதுதான் சின்னையனுக்கு, சந்துரு இந்த ஆட்டம் ஆடுவான் என்பதும் அவனுடைய பெயர் அதில் 'சந்துரு கொழிஞ்சை' என்பதும் நினைவுக்கு வந்தன. தேடினார். கிடைத்தது. 'கருப்பராயன் துணை' என்று தனக்கொரு பெயர் வைத்துக்கொண்டு சவால் விட்டார். ஏற்கப்பட்டது. விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தினமும் ஓர் ஆட்டம்.

பூதக்களத்தில் ஒரு சட்டம் உண்டு. ஜெயித்தவர் தோற்றவருக்கு ஒரே ஒரு வரி எழுதலாம். தோற்றவர் பதில் எழுத முடியாது. சின்னையனுக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடித்தது. தோற்றவன் கூப்பிட்டால் கெஞ்சல். ஜெயித்தவன் கூப்பிட்டால் பெருந்தன்மை. ஆக ஜெயிக்க வேண்டும், மகனுக்கு ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியும் தயார்.

ஜெயிப்பது மட்டும்தான் தயாரில்லை.

எதிரில் நின்றது ஒரு களிமண் ஆமை. மண்ணில் இடி ஏறாது. சின்னையன் இடியோடு தொடங்குவார். கச்சை இடியையே இடிக்கச் சொல்லும். ஆமை நஞ்சை ஊதும், ஓட்டுக்குள் ஒடுங்கும், உறங்கி எழும். நாலாவது வித்தை, பெருமூச்சு. அதைக் கேட்டால் எதிராளியின் பலம் குறையும். காரி நஞ்சேறி விழும். பிறகு ஒரு வரி வரும்.

'ஒரே அடிய எத்தன தடவைதான் அடிப்பீங்க.'

இன்னொரு நாள்: 'கோவம் ஆகாது. மோர் குடிங்க.'

அதைப் படித்து முடிப்பதற்குள் பழனாத்தாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். சின்னையனுக்குக் கண் கலங்கியது. எதிரில் ஆடுவது அப்பன் என்று பையனுக்குத் தெரிந்துவிட்டது. தாயும் மகனும் எப்படி ஒரே நேரத்தில் ஒன்றையே நினைக்கிறார்கள்!

இன்னொன்றையும் அவர் வியந்ததுண்டு. காற்றில் மட்டை விழுந்து இங்கே கரண்ட் போகும்போதெல்லாம் ஆமையும் அப்படியே நின்றுவிடும். "அங்கயும் கரண்ட் போயிருச்சாட்டிருக்குது," என்பார் இருட்டில். "மலைக்கும் நமக்கும் ஒரே லைனாட்டிருக்குது." இருட்டிலிருந்து, "இருக்குமுங்க," என்று பதில் வரும்.

வாசகருக்கு இதற்குள் புரிந்திருக்கும். மாட்டுப்பட்டியில் சந்துரு தங்கியிருந்த அறையில் சிக்னல் கிடையாது. மூணாறு டவுனுக்கு இறங்கினால்தான் போன். போகும்போது அவன் அம்மாவின் போனில் தன் பெயரிலேயே ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்து, "தினமும் தொறந்து பூதத்துக்கு ஊட்டி உட்டுருமா, இல்லீன்னா மெலிஞ்சுரும்," என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் விட்டுப்போன கன்றுக்குட்டிக்கும் அவள் ஊட்டினாள், பூதத்துக்கும் ஊட்டினாள். ஊட்டிய கை சும்மா இருக்குமா? ஆடக் கற்றுக்கொண்டாள். ஆமையின் நான்கு வித்தைகளையும் அவளேதான் தேர்ந்தாள். கல்யாணமான நாள் தொட்டு அவளிடம் இருந்தவை அவைதான்.

எதிரில் ஆடுவது கணவர் என்று முதல் ஆட்டத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காரி என்ற பெயர் பாதி சொன்னது. ஆமைமேல் ஐந்தாவது தடவை விழுந்த இடி மீதியைச் சொன்னது. அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவே ஒரு சுவர்தான்; அங்கே இடித்தது இங்கே கேட்டது. கரண்ட் போனால் ஆமையை அப்படியே விட்டுவிட்டு விளக்கேற்ற எழுவாள். அவள் சொல்லவில்லை. சொன்னால் ஆட்டம் நின்றுவிடும். ஆட்டம் நின்றால் உப்புதான் மிஞ்சும்.

சபதம் எடுத்த மறுநாள் சின்னையன் மலையாள வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினார். அவற்றில் தாடி வைத்த ஒருவன் ஒவ்வொரு செட்டையும் காட்டி "அடிபொளி, அடிபொளி" என்று மெச்சினான். வரப்பில் நடக்கும்போதும் அதே நினைப்பு. பக்கத்துத் தோப்பு பொங்கியண்ணன் பிடித்துக்கொண்டார்.

"என்ன சின்னையா, தனியாப் பேசிட்டுப் போற?"

"செட்டு போடறேனுங்ணா. போட்டது நிக்க மாட்டேங்குது."

"காத்துக்கு எப்புடி நிக்கும்? தகரமா, ஓலையா?"

"அது இல்லீங்ணா. அடிக்கிற செட்டு."

"ஓகோ. ஆணியடிக்கிறது. ஆசாரியக் கூப்புட்டியா?"

"ஆசாரி இல்லீங்ணா, பூதமுங்க."

பொங்கியண்ணன் இரண்டடி தள்ளி நின்றார். "பூதத்தை வெச்சு வேலை வாங்குனா கூலி மிச்சந்தான்," என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கிளம்பினார். நேராகப் போய்ப் பழனாத்தாளிடம், சின்னையன் செட்டு செட்டு என்று ஏதோ பேசினார் என்றார். அவள் அன்று சாப்பாட்டில் கேட்டாள்.

"ஏனுங் மாமா, செட்டு வாங்கறீங்களாமா?"

"ஆரு சொன்னா?"

"கசவு வெச்சதா, வெறும் கரையா?"

சின்னையன் விழித்தார். மலையாளக் கரையில் செட்டு என்றால் பெண்கள் உடுத்துகிற, கசவு என்கிற ஜரிகை வைத்த செட்டு முண்டு என்பது அவருக்கு இரண்டு வாய் சோற்றுக்குப் பிறகுதான் உறைத்தது. "கசவு வெச்சது," என்றார் பரிதாபமாக. ஆக இன்னும் ஆட்டத்தில் ஜெயிக்கவில்லை. அதற்குள் ஒரு செட்டு தோற்றாயிற்று.

பழனாத்தாளுக்கும் ஒரு கவலை இருந்தது. அவர் இப்படி மெனக்கெடுவது ஜெயிக்க அல்ல, அந்த ஒரு வரிக்காக என்று அவளுக்குப் புரிந்திருந்தது. நேரில் சொல்லாதவர் எழுதியாவது சொல்லட்டும். தோற்றுவிடலாம் என்று முடிவு செய்தாள்.

தோற்பது சுலபமாயில்லை. ஆமையைப் பின்னுக்கு இழுத்து, காகிதம் மாதிரி ஒரு மெல்லிய பூதத்தை இடிக்கு எதிரே நிறுத்தினாள். அதைச் சூழ்ச்சி என்று நினைத்த சின்னையன் காரியைப் பின்வாங்கச் செய்தார். நெருப்புக்கு எதிரே வைக்கோல் பூதத்தைக் கொண்டுவந்தாள். அவர் அன்று நெருப்பை விட்டுவிட்டுப் பாறையோடு தொடங்கியிருந்தார். அதுவும் குறி தவறியது. அந்த வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஜெயிக்க அவளுக்கு நான்கு வித்தைகள் போதுமாயிருந்தன. இவரிடம் தோற்க நாற்பது வேண்டியிருந்தன.

பிறகு ஒரு மாலை காரி களத்துக்கு வந்தது. இடுப்பில் கச்சை இல்லை.

தாடிக்காரன் சொன்னதுதான். பொறுமையாக ஒரு சுற்றை விட்டுக்கொடு, கொம்பைச் சீவிக்கொள், பிறகு அடி. சின்னையன் ஒரு நாள் முழுக்க யோசித்து, மனமில்லாமல் கச்சையைக் கழற்றி, இடியை எடுத்துவிட்டுக் கொம்பு சீவுதலை வைத்திருந்தார். முதல் சுற்றில் காரி அடிக்கவில்லை. நின்று கொம்பைச் சீவியது. சுவருக்கு அந்தப் பக்கத்தில் இடி கேட்கவில்லை. பழனாத்தாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். இந்த மனிதர் ஒரு தடவை சும்மா நின்று பார்த்தது இதுதான் முதல் முறை. அவள் ஆமையைப் பெருமூச்சு விடச் சொல்லவில்லை. உறங்கச் சொன்னாள்.

காரி உதைத்தது. ஆமை சாய்ந்தது. மற்ற இரண்டும் சாய்ந்தன.

எழுதும் இடம் திறந்தது. சின்னையனிடம் வரி தயாராக இருந்தது. எழுதினார்:

'போச்சாது. ஊட்டுக்கு வா.'

இந்தப் போச்சாது என்கிற சொல்லைப் பற்றி இரண்டு வார்த்தை. போச்சு என்று தொடங்குகிறது. ஆது என்று முடிகிறது. போனதா, போகவில்லையா என்று இலக்கணம் கேட்டால் கொங்குக்காரன் தலையைச் சொறிவான். போகட்டும் விடு என்பதுதான் பொருள். மன்னிப்புக் கேட்பவனும் இதைத்தான் சொல்வான், மன்னிப்பவனும் இதைத்தான் சொல்வான். யார் தோற்றது என்று கடைசிவரை தெரியாது. சின்னையனைப் போன்றவர்களுக்காகவே புழங்குகிற சொல்.

அடுப்படியில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. குக்கராக இருக்கும் என்று நினைத்தார். வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோற்றவர் பதில் எழுத முடியாது என்பது தெரிந்தும் பார்த்தார். உள்ளே பழனாத்தாள் அந்த வரியைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பரிமாற வந்தாள். "உப்பு?" என்றார். "இருக்குதுங்க."

மறுநாள் முற்பகல், மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. சந்துரு. பின்னால் மூணாறு டவுனின் ஜீப்புச் சத்தம்.

"அப்பா."

"ம்."

"அந்த வரியப் பாத்தேன்ப்பா."

"ம்."

"சனிக்கிழம வர்றேன். அடிமாலி வழியா வந்தா சுத்து, நேரா எறங்கி வந்தர்றேன்."

"பாத்து வா," என்றார். மாட்டின் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அடுப்படிக்குப் போனார். நடையில் ஒரு வெற்றி இருந்தது.

"ஏம்புள்ள, உன்ற பையன் வர்றான்."

"அப்புடீங்களா."

"நீ இத்தன நாளு போன்ல கெஞ்சி என்னாச்சு? நான் ஆட்டத்துல தோக்கடிச்சு வரவெச்சேன். கச்சையக் கழட்டுனேன் பாரு, அங்கதான் திரும்புச்சு. உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியாதுங்க."

"அந்த ஆமைய அவன் எப்புடிக் கட்டி வெச்சிருந்தான் தெரியுமா? பெருமூச்சு உட்டே கொல்லும். ஆனா நான் ஒரு வரி எழுதுனேன். ஒரே வரி. ஆளு எறங்கிட்டான்."

பழனாத்தாள் அடுப்பைத் தணித்தாள். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து அவர்முன் வைத்தாள். திரையில் களிமண் ஆமை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன்மேல் அவர் எழுதிய வரி.

சின்னையன் ஆமையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி ஆமையைப் பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க மாமா," என்றாள் அவள். "ஆனா ஊட்டுக்கு வான்னா எங்கீங்க வர்றது? நா ஊட்டுலதானுங்களே இருக்கறேன்."