மாதம் நாலே பட்டை

ரேஷன் போதவில்லை என்று அழாத ஒரே ஆள் இந்தத் திருவண்ணாமலையில் நான்தான்.

எண்பத்துநாலாம் வருஷம் எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது. சிறுநீரில் நனைத்துச் சர்க்கரை பார்க்கும் காகிதப் பட்டை, எங்கள் ஆபீஸ் வைத்தியத் திட்டத்தில் மாதம் நாலுதான்.

"எனக்கு ஜாஸ்தியாச்சே?" என்றேன் கம்பவுண்டர் பரசுராமனிடம்.

"சர்க்கரை ஜாஸ்தி சார். பட்டை கம்மி."

மற்ற நோயாளிகள் கூடுதல் பட்டை கேட்டு மனு எழுதினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. அளவு வைத்த மகராசன் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினேன். காரணம், கார்த்திகை தீபம். அன்றைக்கு என் மனைவி ரேணுகாம்பாள் வெல்லப்பாகு மணக்கப் பொரி உருண்டை பிடிப்பாள். ஒரு ஆளுக்கான ரவிக்கைத் துணியில் தனக்கும் தங்கைக்கும் தைத்துவிடுகிற கெட்டிக்காரி. அவளை ஏமாற்ற வேண்டும்.

விரதம் இருந்த நாளாகப் பார்த்து, "பட்டை போடு ரேணு" என்று நானே கேட்டேன். நாலு தடவையும் சர்க்கரை இல்லை.

"தீந்துடுச்சா?"

"நாலு தடவை பாத்தாச்சேங்க."

"அடடா, இனி அடுத்த மாசம்தான்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

தீபத்தன்று மாலை தெருவே எங்கள் மொட்டை மாடியில் நின்றது. மலையுச்சியில் ஜோதி தெரிந்ததும் ஊரே "அரோகரா" என்றது. அந்தச் சத்தத்தில் வேட்டி மடியில் ஒளித்திருந்த உருண்டையைக் கடித்தேன். மொறுக்கென்ற ஓசை யாருக்கும் கேட்கவில்லை. அந்த வெளிச்சம், அந்த வெல்ல ருசி, எல்லாவற்றுக்கும் மேல் அன்றைக்கு இருந்த சொந்தப் பல். இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் ரேணு ஒரு டப்பாவை நீட்டினாள்.

"இதுல பிடிச்சாந்து குடுங்க."

"பட்டைதான் தீந்துடுச்சே?"

"பாதி பட்டையே நிறம் காட்டுதுங்க. எல்லாத்தையும் நெட்டுக்க வெட்டி வெச்சிருக்கேன்."

கண்ணாடி போடாத என் கண்ணுக்குப் பாதியும் முழுசும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்தப் பாதிப் பட்டை, சர்க்கரை உண்டு என்று பழுப்பாக மாறி எனக்கு நாமம் போட்டது.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"ஊரே தலைமேல கை கூப்புச்சு. உங்க கை மட்டும் வாய்ல இருந்துச்சு."

"நீ மலையைப் பாக்கலையா?"

"மலை எங்கயும் போவாதுங்க. உங்களைத்தான் பாத்துக்கணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தி கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ. "சரி, இப்பவாவது தீந்துச்சா?" என்றேன்.

"இன்னும் மூணு பாதி இருக்குதுங்க. பொங்கல் வருதில்ல?"