வெயிலில் வைத்த பெட்டரி

படித்தவன் கடைக்குப் போனால் கடைக்காரர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கமாட்டான். இது எல்லோருக்கும் பொருந்துமா தெரியாது. எனக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். அதிலும் நான் அப்போது தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். உலர் மின்கலத்தைக் கரும்பலகையில் வரைந்து பாகங்களைக் குறித்துக் காட்டியவன். (அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே இருந்தாலும் என்னை மன்னிக்க வேண்டும்.)

எண்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் தோட்டத்தில் புதிதாக ஒரு பிள்ளைக்காம்பரா கட்டினார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம். திங்கட்கிழமை காலை தோட்டத்தை நடத்தும் துரை வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. சுவர், கூரை எல்லாம் முடிந்துவிட்டன; நான்கு கதவுகள் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றன. அவற்றை மாட்டும் பொறுப்பு முத்தையா பாஸுடையது. (எங்கள் பக்கம் தச்சரை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம்.)

பாஸுக்கு ராஜி என்று ஒரு மகள். பிள்ளைக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு வருடமாக ஆசை. அவளுக்கும் விருப்பம்தான். பாஸிடம் கேட்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. மனிதர் ஒரு பலகையைத் தட்டிப் பார்த்தே உள்ளே உளுத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். என்னைத் தட்டிப் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று பயம். அப்படியிருக்க, வியாழக்கிழமை அவரே என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மாஸ்டர், நாளைக்குக் கல்விக் கந்தோர் வேலையா பதுளைக்குப் போறீங்களாமே. வரும்போது ஒரு டிரில் வாங்கிட்டு வாங்க. என்னோடது பல்லு தேஞ்சு மூணு சுத்துக்கு ஒருக்கா வழுக்குது. கையால சுத்துற டிரில்தான். வேற எதுவும் வேணாம்."

வேற எதுவும் வேணாம். எவ்வளவு தெளிவான தமிழ். இதைப் புரிந்துகொள்ள ஒரு மனிதனுக்கு எத்தனை மூளை வேண்டும்?

வெள்ளிக்கிழமை பதுளைக் கடைவீதியில் நானாவின் இரும்புக்கடையில் போய் நின்றேன். (முஸ்லிம் கடைக்காரர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.) நானா மூன்று டிரில்களை எடுத்து வைத்தார். ஒன்று கையால் சுற்றுவது. இன்னொன்று வயர் உள்ளது. மூன்றாவது துப்பாக்கி மாதிரி இருந்தது, வயரே இல்லை. வெளிநாட்டிலிருந்து அவருடைய மச்சான் கொண்டுவந்தாராம். நானா தேயிலைப்பெட்டிப் பலகை ஒன்றை எடுத்து, விசையை அழுத்தி, ஒரு ஓட்டை போட்டுக் காட்டினார். அந்தப் பலகையில் ஏற்கெனவே நிறைய ஓட்டைகள் இருந்தன. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்தாவது நான் யோசித்திருக்கலாம்.

எங்கள் லயத்து வீடுகளிலும் கரண்ட் இல்லை, பிள்ளைக்காம்பராவிலும் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாத இடத்துக்கு வயர் இல்லாத டிரில். இப்படியொரு பொருத்தம் ஜாதகத்தில்கூட வராது என்று நினைத்தேன்.

"மாஸ்டர், இதுக்கு ஒரு வெசயம் சொல்லணும். வேல செய்ய முந்தி..." என்று நானா ஆரம்பித்தார்.

"தெரியும் நானா. நான் சயன்ஸ் மாஸ்டர்."

"இல்ல மாஸ்டர், கரண்ட்..."

"வயரே இல்லாததுக்கு எதுக்கு நானா கரண்ட்? உள்ளுக்குப் பெட்டரி இருக்கு. டோர்ச் மாதிரித்தானே."

ஜும்மாத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. நானா தொப்பியைத் தேடிக்கொண்டே, "எல்லாம் பொட்டிக்குள்ள இருக்கு, புத்தகத்த வாசிங்க" என்று சொல்லிக் கடையைச் சாத்தினார். (புத்தகம் ஜப்பான் பாஷையில் இருந்தது. படங்கள் நன்றாக இருந்தன.)

பஸ் நிலையத்தில் பெட்டியைத் திறந்து ரசித்தபோது, உள்ளே கறுப்பாக ஒரு கட்டை இருப்பதைக் கண்டேன். அதில் வயர் இருந்தது. வயர் நுனியில் பிளக் இருந்தது. வயர் இல்லாத டிரில் பெட்டிக்குள் வயருக்கு என்ன வேலை? பாவம், நானா அவசரத்தில் வேறு ஏதோ சாமானைத் தவறுதலாகப் போட்டுவிட்டார். இன்னொருவர் பொருள் நமக்கு எதற்கு? கடை வரைக்கும் திரும்ப ஓடினேன். பூட்டியிருந்தது. பக்கத்துத் தையல் கடைக்காரரிடம் அதை ஒப்படைத்து, "நானாகிட்ட குடுத்திருங்க, மாறி வந்திருச்சு" என்றேன். அவர் என் நேர்மையைப் பாராட்டினார். அந்தப் பாராட்டோடு தெமோதரை வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலிக்கவில்லை.

சனிக்கிழமை காலை பிள்ளைக்காம்பராவில் பாஸ் டிரில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. நான் விசையைக் காட்டிக்கொடுத்தேன். முதல் ஓட்டை பலாமரக் கதவில் சர்ரென்று இறங்கியது. அடுப்படியில் நின்ற ராஜி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதில் டிரில் முனகியது. நான்காவதில் பாதிக்குப் போய் நின்றேவிட்டது. மொத்தம் போட வேண்டியது எழுபத்திரண்டு ஓட்டை.

"என்னா மாஸ்டர் இது?" என்றார் பாஸ்.

"பெட்டரி கொஞ்சம் வீக்கா இருக்கு. வெயில்ல வச்சா சரியாயிரும்."

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. லயத்தில் ரேடியோ பெட்டரி இறங்கினால் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். கழற்றி வாசலில் வெயிலில் வைத்தால், பின்னேரம் பாட்டுக் கேட்கும் அளவுக்கு உயிர் வந்துவிடும். அதற்கு விஞ்ஞானக் காரணமும் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். எனவே டிரில்லின் பெட்டரியைக் கழற்றித் தகரக் கூரைமேல் வைத்தேன். நான் வைத்த மறுநிமிடம் மூடுபனி இறங்கியது. பதினொரு மணிவரை கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பாஸ் மூன்று முறை வெற்றிலை போட்டார்.

"வெயில் இல்லாட்டி என்ன, சூடுதானே வேணும்" என்று எனக்கு அடுத்த யோசனை வந்தது. (அன்று யாராவது என் தலையில் ஒரு குட்டு வைத்திருக்கலாம்.) ராஜி பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சும் அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பு மேட்டில் பெட்டரியை வைத்துவிட்டு, பாஸுக்கு மின்னியலை விளக்கப் போய்விட்டேன்.

"மாஸ்டர், கருகுற வாசம் வருது" என்றாள் ராஜி.

"சூடாகுதுன்னா அப்படித்தான் வாசம் வரும்."

"இல்ல மாஸ்டர். ஒழுகுது."

ஓடிப் போய்ப் பார்த்தேன். பெட்டரியின் அடிப்பக்கம் தோசை மாதிரி பரவியிருந்தது. புது அடுப்பில் கறுப்புப் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு நாறியது. எனக்கு அழுகை வந்தது. டிரில் போனதற்காக இல்லை. துரையிடம் கொடுத்த வாக்கை இந்த மனிதர் காப்பாற்ற முடியாமல் போகப்போகிறது, அதற்குக் காரணம் நான், இனி எந்த முகத்தோடு இவரிடம் பெண் கேட்பது?

பாஸ் தன் பையைத் திறந்து, பல் தேய்ந்த பழைய கை டிரில்லை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"சுத்துங்க."

சுற்றினேன். மூன்று சுற்றுக்கு ஒருமுறை வழுக்கியது. வழுக்கும்போதெல்லாம் முழங்கை கதவு நிலையில் இடித்தது. சனிக்கிழமை பொழுது சாயும்வரை சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து மறுபடியும் சுற்றினேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, அதன்மேல் இன்னொன்று வந்தது. பாஸ் அளவு குறித்தார், கதவுப் பிணைச்சலைப் பிடித்தார், திருகாணியை இறுக்கினார். ஓட்டை மட்டும் நான். ஞாயிறு மாலை நான்காவது கதவும் நின்றது. திங்கட்கிழமை துரை வந்து ஒரு கதவைத் திறந்து மூடிப் பார்த்து, "குட்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் இரண்டு நாள் உயிருக்கு ஒரே ஒரு சொல்.

ஆனால் அதற்கு முந்தின மாலையே எனக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. பிளேன்டீ குடித்து முடித்த பாஸ் என் கையைப் பிடித்துக் கொப்புளத்தைப் பார்த்தார்.

"ராஜியக் கேட்டு ஆள் அனுப்ப யோசிச்சிக்கிட்டு இருக்கீங்கன்னு தெரியும் மாஸ்டர். அனுப்புங்க. மூளைய நம்பிக் குடுக்கல, இந்தக் கையப் பாத்துக் குடுக்கிறேன்." பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "ராஜி, கல்யாணத்துக்கப்புறம் இவர தனியாக் கடைக்கு அனுப்பாத" என்றார்.

இன்றுவரை அனுப்பவில்லை. உப்பு வாங்கப் போனாலும் கூடவே வருகிறாள். கதவு மாட்டிய அடுத்த வாரம் நானாவின் கடைக்கு நியாயம் கேட்கப் போனபோதும் வருங்கால மாமனார் கூட வந்தார். நானா அந்தக் கறுப்புக் கட்டையை மேசையில் வைத்து, "பெட்டரிக்குக் கரண்ட் ஏத்துறது இதுதான் மாஸ்டர். தையல் கடைக்காரர் ஒங்களப் பத்தி ரொம்ப ஒசத்தியாச் சொன்னாரு" என்றார். மாமனார் சாகும்வரை அதைச் சொல்லிச் சிரித்தார். இப்போது என் பிள்ளைகள் சொல்கிறார்கள். யாருடைய போனில் சார்ஜ் இறங்கினாலும், "அப்பாகிட்ட குடு, வெயில்ல வைப்பாரு" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் எனக்கு இதயத் துடிப்பு குறைந்து, நெஞ்சுக்குள் ஒரு சின்ன மெசினை வைத்தார்கள். மூன்று நாள் ராஜி சரியாகச் சாப்பிடவில்லை, அழுதுகொண்டே இருந்தாள். நான்காம் நாள் டாக்டர் வந்து, "பயப்படாதீங்கம்மா. உள்ளுக்குப் பெட்டரி இருக்கு, பல வருஷத்துக்குத் தாங்கும். சார்ஜ் பண்ணவும் தேவையில்ல" என்றார்.

ராஜி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்படியும் கொறஞ்சா, இவர வெயில்ல வைக்கலாமா டாக்டர்?"

கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்று நாளைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள். எனக்குச் சிரித்தாலும் தையல் இழுத்தது, கோபப்பட்டாலும் இழுத்தது. டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தாராளமா வைங்க, காலை வெயில் நல்லதுதான்" என்றார்.