பெருநாள் ஜாடியில் நகை ஆர்க்கிட்

மழைக்கு அடுத்தபடியாக இந்தோனேசியாவில் எங்கள் போகோர் நகரில் தப்பவே முடியாத ஒன்று உண்டென்றால், அது நகை ஆர்க்கிட் வளர்ப்பவர். ரோஜா வளர்ப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். பூவைக் காட்டுவார், "அழகு" என்று சொல்லிவிட்டு வீடு போய்ச் சேரலாம். இவர் காட்டுவது இலையை. கரும்பச்சை இலை, அதில் பொன் நரம்புகள் எழுத்துப்போல ஓடும், ஆனால் சும்மா பார்த்தால் தெரியாது, நீங்கள் முட்டி போட வேண்டும், மூச்சை அடக்க வேண்டும், அவர் கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து "இப்பத் தெரியுதா?" என்பார், தெரியவில்லை என்றால் இன்னும் சாய்ப்பார், தெரிகிறது என்றால் உங்களை அடுத்த செடிக்கு நகர்த்துவார். பூ விடுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மொட்டு வந்தால் கிள்ளி எறிகிறவர் அவர்.

பக்கத்து வீட்டு யாயாத், ஊர் மரியாதையில் பாக் யாயாத், இந்த இனத்தின் முழு உருவம். நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். மலைகளை அளந்த கை, இப்போது வேர்களை அளக்கிறது. கரி இரண்டு பங்கு, நறுக்கிய பெரணி வேர் இரண்டு பங்கு என்று கலவையைச் சொல்லிக்கொண்டே வருவார். பாசி எவ்வளவு என்று கேட்டால் தொண்டையைச் செருமுவார், அது தொழில் ரகசியம். செடிக்கு ஈரக்காற்று வேண்டுமாம். நாள் தவறாமல் மழை பெய்கிற ஊரில் ஈரம் போதாதென்று, மனைவி, எந்தின் என்று பெயர், பெருநாள் பலகாரத்துக்காக வைத்திருந்த பதினோரு கண்ணாடி ஜாடிகளிலும் ஜாடிக்கொரு செடியை அடைத்து மூடிவிட்டார். பிறகு நாளுக்குப் பத்துத் தடவை திறந்து பார்த்தார். வெள்ளிக்கிழமைதோறும் பிடுங்கி, வேர் விட்டிருக்கிறதா என்று சோதித்து, மறுபடி நட்டார். மூன்று இலையைத் தாண்டி ஒரு செடியும் போனதில்லை. போகுமா?

நோன்பு தொடங்கியது.

"பாக், பெருநாளுக்கு மறுநாள் நம்ம பொண்ணு ரெஸ்டியைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டுல வர்றாங்க. ஜாடியக் காலி பண்ணிக் குடுங்க," என்றார் எந்தின்.

"பிளாஸ்டிக் டப்பா வாங்கிக்க."

"சம்பந்திக்கு டப்பாவுல நஸ்தார் நீட்டவா?" நஸ்தார் என்பது அன்னாசி ஜாம் வைத்த உருண்டை பிஸ்கட், எந்தின் கைக்கு அதில் பேர் உண்டு.

"வெளிய எடுத்தா காத்துப் பட்டே செத்துடும்மா."

"காட்டுல எந்த ஜாடிக்குள்ள இருந்துச்சு?"

இந்தக் கேள்வி வந்தால் இந்த இனம் நிற்காது. ஏதாவது ஒரு மூடியைத் துடைக்கப் போய்விடும்.

அந்த வாரமே காருத் ஊரில் அவருடைய அண்ணனுக்கு வயிற்றில் அறுவை. பார்த்துக்கொள்ள ஆளில்லை, யாயாத் போனார். போகும்போது இரண்டு பக்கம் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாளே எந்தின் பதினோரு செடிகளையும் எடுத்து, கொல்லையில் கொய்யா மரத்தடியில் கிடந்த ஓட்டை அலுமினியத் தொட்டியில் அவருடைய கரியையும் பெரணி வேரையும் கொட்டி, சருகைத் தூவி, செருகிவிட்டு உள்ளே போனார். மதிலுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன்.

"நீங்க ஒண்ணும் பாக்கல," என்றார்.

"ஒண்ணும் பாக்கல," என்றேன். அன்று நோன்பு திறந்ததும் ஒரு தட்டு நஸ்தார் மதிலைத் தாண்டி வந்தது.

அண்ணனுக்குப் புண் ஆறத் தாமதமானது. யாயாத் தினமும் தொலைபேசியில் செடி நலம் விசாரித்தார், படம் அனுப்பச் சொன்னார். எந்தின் அவர் போன மாதம் எடுத்த படங்களையே அவருக்கு அனுப்பினார். "வெளிச்சம் தப்பு. மூணாவது இலை சுருங்கியிருக்கு. கிட்ட நின்னு மூச்சு விடுறியா?" என்று தன் படத்திலேயே மூன்று குற்றம் கண்டுபிடித்தார் மனிதர்.

பெருநாளுக்கு முந்தைய மாலை வந்து இறங்கினார். பையைக்கூட வைக்காமல் விளக்கைப் போட்டு ஜாடியில் அடித்தார். உள்ளே நஸ்தார் மின்னியது.

"எங்க?"

"கொல்லையில."

"கொன்னுட்ட," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எழுந்து போய்ப் பார்க்கவும் மனமில்லை.

எந்தின் சத்தம் போடவில்லை. "இருபத்தஞ்சு நாள் போன் பண்ணீங்க. எல்லா நாளும் இலையக் கேட்டீங்க. ரெஸ்டி சாப்பிடுறாளா, பயப்படுறாளான்னு ஒரு நாள் கேட்டீங்களா? மாப்பிள்ளை பேரு என்ன, சொல்லுங்க."

பதினோரு செடிக்கும் லத்தீன் பெயர் சொல்லக்கூடியவர் ஒரு ஜாடி மூடியை எடுத்துத் துடைத்தார். வாசற்படியில் நின்றிருந்த ரெஸ்டி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்ததும் ஊர் வழக்கப்படி பெற்றோர் கையைப் பற்றி மன்னிப்புக் கேட்க மகள் வந்து மண்டியிட்டாள். அவள் பேசுமுன் அவர் கேட்டார்: "பையன் பேரு என்னம்மா?"

"கிலாங்."

"கிலாங்," என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவள் கையை நெடுநேரம் விடவில்லை.

யாயாத் கொல்லைப் பக்கமே போகாமல் இருக்க, அதற்கடுத்த நாள் சம்பந்திகள் வந்தார்கள், நஸ்தார் தின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா கை கழுவக் கொல்லைக்குப் போனவர் அங்கிருந்தே கூப்பிட்டார். எல்லோரும் ஓடினோம். தொட்டி கொள்ளாமல் இலை. தண்டுக்கு ஐந்து, ஆறு. சில தண்டுகள் விளிம்பைத் தாண்டி ஊர்ந்து இறங்கியிருந்தன. சாய்ந்த வெயிலில் நரம்புகள் தாமாகவே மின்னின. அந்த அம்மாள் யாரும் சொல்லாமலே முட்டி போட்டிருந்தார்.

"இத யாரு வளர்த்தது?"

எந்தின் கொய்யா மரத்தைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார் யாயாத். மனைவி பக்கம் திரும்பினார். "அதாவது, நான் ஊர்ல இல்லாம வளர்த்தேன்."

முதலில் சிரித்தவள் ரெஸ்டி. கல்யாணத் தேதி அன்றே குறிக்கப்பட்டது.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? இப்போது அவர் செடியைச் சும்மா விடுவது எப்படி என்று தெருவெல்லாம் பாடம் நடத்துகிறார். தினமும் காலையில் இரண்டு மணி நேரம் தொட்டி அருகே நின்று அதைச் சும்மா விடுகிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஒரு தொட்டிச் செடிகூடக் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை ஒன்று இருக்குமே? அந்த அறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டுதானே இதைப் படிக்கிறீர்கள்?