சாக்கு அண்ணாத்தயும் தங்கையின் பிறப்புச் சான்றிதழும்

பாச்சை உருண்டையும் பழைய காகிதமும் சேர்ந்தடிக்கும் வாசனை வந்தால் எனக்குக் கைவேலை நின்றுவிடும். போன வாரம் அலமாரியைத் திறந்தேன், வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நினைவில் வந்து நின்றவர் சாக்கு அண்ணாத்த. செங்கல்பட்டிலிருந்து கடல்வரைக்கும் அவரைப்போல மெதுவாகக் குப்பையை ஒழித்தவர் எவரும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. தங்கை வசந்திக்குக் கல்யாணமாகி, மாப்பிள்ளை மஸ்கட்டில் காத்திருந்தார். அவள் போய்ச் சேரப் பாஸ்போர்ட் வேண்டும்; அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் எங்கள் கல்பாக்கம் குவார்ட்டர்ஸுக்குள்தான் இருந்தது. அதுதான் சிக்கலே. அப்பா பால் அட்டையைக்கூட எறியாதவர். ஆறு டிரங்குப் பெட்டி, நாலு ரெக்சின் பை, கட்டிலுக்கடியில் புடவைக்கடை டப்பாக்கள்.

யாரோ சொல்லி, கடப்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தார் அண்ணாத்த. ஏதோ ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் தினக்கூலியாக இருந்தவர். இப்போது வீட்டுக் காகிதங்களைப் பிரித்துத் தருவது தொழில். கூடத்தில் மூன்று சாக்குகளை விரித்தார்.

“இது உசுரோட கீற பேப்பரு. அது செத்த பேப்பரு. நடுவுல கீறது டவுட்டு.”

படிக்காமல் எதையும் எறியமாட்டார். அதையும் உரக்கத்தான் படிப்பார். முதல் நாள் முழுக்க மின்கட்டண அட்டைகளே ஓடின.

“இன்னா சார், இந்த மே மாசம் கரண்டு இப்டி எகிறிக்கினு கீது?”

“மாமியார் வந்திருந்தாங்க,” என்றார் அப்பா.

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: “எங்கம்மா ஃபேனே போட்டுக்க மாட்டாங்க.”

“அப்ப இது டவுட்டு,” என்றார் அண்ணாத்த. அன்று சாயங்காலம் யாருக்கும் காபி வரவில்லை.

இரண்டாம் நாள் என் நோட்டு சிக்கியது. இரண்டு வரி படித்தார். பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது.

“இது எந்த ஆபீசுக்கு எழுதுன மனு, தம்பி?”

“கவிதைங்க.”

நோட்டை மூடினார். டவுட்டு சாக்கில் போட்டார். இத்தனை வருடமாக எழுதியும் அந்தத் தீர்ப்பை யாரும் மாற்றவில்லை.

மூன்றாம் நாள், குக்கர் கேரண்டி அட்டையோடு ஒட்டிக்கொண்டு சான்றிதழ் கிடைத்தது. மடிப்பில் லேசாகக் கிழிந்திருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. எங்களைக் கேட்காமலே கடைத்தெருவுக்கு ஓடி, லேமினேட் பண்ணிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் காலத்து வியாதி அது; எது அருமையோ அதைப் பிளாஸ்டிக்கில் வைத்து அழுத்திவிடுவோம்.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “லேமினேட் பண்ணது செல்லாதும்மா, புதுசு வாங்கிட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டார்கள். வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பி வசந்தி அழுதாள். கூடத்தில் மிச்சப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்த அண்ணாத்த விஷயத்தைக் கேட்டு, “கைய வெச்சது நானு,” என்று மட்டும் சொன்னார். சாக்குகளை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பது நாள் ஆளே இல்லை. “ஓடிட்டான்யா,” என்றார் அப்பா.

பத்தாம் நாள் வந்தார், தாடியோடு. செய்தித்தாளுக்குள் மடிக்காமல் வைத்த புதுச் சான்றிதழ். வசந்தி பிறந்த ஊரின் பதிவு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். அந்த வருடத்துப் புத்தகம் அகப்படவில்லை என்றார்களாம். நான் தேடுகிறேன் என்று அங்கேயும் சாக்கை விரித்து, கட்டுக் கட்டாக உரக்கப் படிக்க ஆரம்பித்திருக்கிறார்.

“நாலாம் நாளு அவுங்களும் கூட குந்திக்கினு தேடுனாங்க சார். காது வலி போல.”

அப்பா எழுந்து தன் நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை; கடைசி பஸ் போய்விடுமாம்.

நானும் வசந்தியும் நிறுத்தம்வரை போனோம். பஸ் வந்தது. “உங்களுக்கு நான் என்ன செய்யட்டும் அண்ணாத்த?” என்றாள் வசந்தி. அவர் படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

“ஊரு வூட்டு பேப்பரெல்லாம் பாத்தாச்சி. நமக்குன்னு ஒரு கடுதாசி வந்ததில்ல. போய்ச் சேந்ததும் நாலு வரி போடு, கண்ணு.”