நானூற்றுப் பன்னிரண்டு தன்னார்வலர்கள்

ஏழு ஏரிகள் இருந்தும் தண்ணீர் இல்லாத நாடு ஒன்று இருந்தது. அரசரின் யானைகள் நீந்தத் தண்ணீர் குறையக் கூடாது என்பதால் ஏரிகளின் மடைகளையெல்லாம் பூட்டி, சாவிகளை அரண்மனையில் வைத்திருந்தார்கள். மற்றபடி அது நாகரிகமான நாடுதான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் தேர்தல் நடக்கும். அந்த வருஷம் மடைகளைத் திறந்துவிடுவேன் என்று சொல்லி ஓர் உழவர் அரசரை எதிர்த்து நின்றார். கீழைமேடு என்ற ஊரில் தவமணி என்ற பெண், கருகும் நாற்றுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தபடி தேர்தல் நாளுக்காகக் காத்திருந்தாள். அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஓர் ஓட்டுதான்.

தேர்தல் அமைச்சர் பூபதியார் அவையில் எழுந்தார். "மன்னா, வாக்குச்சாவடிகளில் வேலை செய்ய ஆள் போதவில்லை. குடிமக்களே தாமாக முன்வர வேண்டும் என்று அழைப்போம். ஆனால் சாவடியில் உட்காருபவர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. ஆகவே தன்னார்வலருக்கு ஓட்டு கிடையாது என்று அறிவிப்போம்."

"நியாயமாகத்தான் படுகிறது" என்றார் அரசர்.

தண்டோரா போட்டார்கள். ஒருவரும் வரவில்லை. மக்களிடம் பொதுநலம் குறைந்துவிட்டதைக் கண்டு அமைச்சர் மிகவும் மனம் நொந்தார். தன்னார்வலர் வீடுகளுக்கு மட்டுமே இனிக் குடிதண்ணீர் என்று அடுத்த ஆணை வந்தது. ஒரே வாரத்தில் நாடெங்கும் பொதுநலம் பெருகிற்று. தவமணி மூன்று நாள் தாக்குப்பிடித்தாள். நான்காம் நாள் அவள் கணவன் காய்ச்சலில் தண்ணீர் கேட்டான். போய்ப் பெயர் கொடுத்து, தன்னார்வலருக்கான பித்தளை வில்லையை வாங்கிச் சேலையில் குத்திக்கொண்டாள். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

கீழைமேட்டில் ஓட்டுகள் நானூற்றுப் பன்னிரண்டு. தன்னார்வலர்களும் நானூற்றுப் பன்னிரண்டு பேர். இத்தனை பேருக்கும் வேலை கொடுத்தாக வேண்டுமே! மைப்புட்டியைக் காக்க ஒருவர், அதன் மூடியைக் காக்க ஒருவர், இவ்விருவரும் பேசிக்கொள்ளாமல் கண்காணிக்க ஒருவர் என்று பிரித்துக் கொடுத்தார்கள். பெரும்பாலோர், வராத கூட்டத்தை ஒழுங்குபடுத்த வெயிலில் நின்றார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்பதால் பட்டியல் பார்த்துச் சீட்டுக் கொடுக்கும் வேலை தவமணிக்கு.

தேர்தலன்று காலை அரசர் எளிமையை முன்னிட்டு அந்தச் சாவடிக்கே வந்து ஓட்டுப் போட்டார். தவமணிதான் அவருக்குச் சீட்டு கொடுத்தாள். வேறு யாரும் வருவதாக இல்லை.

"மிக அமைதியான தேர்தல்" என்றார் அமைச்சர். பக்கத்தில் அரண்மனை எழுத்தர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார்.

தவமணி எழுந்து நின்றாள். "ஐயா, நாங்கல்லாம் தானா முன்வந்தவங்கதானே?"

"அதிலென்ன சந்தேகம், அம்மா? இந்நாட்டில் எவரையும் எவரும் கட்டாயப்படுத்துவதில்லை."

"அப்ப தானா வெலகிக்கவும் செய்யலாமுங்களா?"

அமைச்சர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அப்படி ஒன்றை யாரும் யோசித்திருக்கவில்லை. எழுத்தரோ அமைச்சர் முன்பு சொன்னதை ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார். "தடையேதும் இல்லை" என்று அமைச்சர் முனகினார்.

மூடியைக் காத்துக்கொண்டிருந்த கொளஞ்சி முதலில் வில்லையைக் கழற்றினான். "தண்ணிய நிறுத்திருவாங்கடா" என்று யாரோ சொன்னார்கள். "இப்ப மட்டும் என்ன ஆறா ஓடுதாக்கும்" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போய் வரிசையில் நின்றான். அவன் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். வரிசை ஏரிக்கரை வரை நீண்டது.

தவமணியும் வில்லையில் கை வைத்தாள். அதற்குள் அமைச்சருக்கு விதி ஒன்று அகப்பட்டுவிட்டது. "பட்டியல் பார்த்துச் சீட்டுக் கொடுக்கப் பணியாளர் ஒருவர்கூட இல்லாத சாவடியை உடனே மூடிவிட வேண்டும்" என்று உரக்கப் படித்தார். அவர் முகம் தெளிந்தது.

கொளஞ்சி ஓடிவந்தான். "நான் ஒக்கார்றேன். நீ போய்ப் போடு தாயி. இதுக்காக நீ எம்மாம் நாளாக் காத்துக் கெடந்த."

"பட்டியல்ல பேரு பாக்கணும்ண்ணே. ஒங்களுக்குப் படிக்கத் தெரியாதே."

வரிசையில் நிற்பவர்களில் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. தவமணி ஓட்டுப் பெட்டியைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, பாதி கழற்றிய வில்லையைத் திரும்பக் குத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒங்க பேரச் சொல்லுங்கண்ணே. அப்பா பேரு?"

அன்று மாலை அமைச்சர் தம் அறிக்கையில் மிகுந்த வருத்தத்துடன் எழுதினார்: கீழைமேட்டில் பொதுநல உணர்வு அடியோடு சரிந்துவிட்டது. காலையில் நானூற்றுப் பன்னிரண்டாக இருந்த தன்னார்வலர் எண்ணிக்கை மாலையில் ஒன்று.

அந்த ஆட்சியில் வெளிவந்த கணக்குகளில் சரியானது அந்த ஒன்றுதான்.